சின்னம்மா கலக்கிக் கொடுத்த உப்பு

போன மாதம் நமது பழைய மாணவர் கூட்டத்தில், மேசை நிறைய வடையும் தேத்தண்ணியும் வைத்திருந்த அந்த மண்டபத்தில், உங்களில் ஒருவர் எழுந்து என் பெரியப்பாவைப் பற்றிப் பேசினீர்கள். கைராசிக்காரர் என்றீர்கள். யுத்த காலத்தில் மருந்தில்லாமல் நாடு தவித்தபோதும் நமது பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு இரசாயனப் பொருட்களைச் சும்மா அனுப்பிய வள்ளல் என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்தவள் என் முழங்கையை இடித்து, "உன்ட பெரியப்பாதானே, எழும்பி ரெண்டு வார்த்தை சொல்லன்" என்றாள். நான் எழும்பவில்லை. எழும்பியிருந்தால் அந்த மேசையைப் புரட்டியிருப்பேன். என் முழங்கால் வருத்தம் உங்கள் வடையைக் காப்பாற்றியது.

அதனால் எழுதுகிறேன். நம் வகுப்பில் மிஞ்சியிருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். அந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று உங்களுக்கு அரைகுறையாகத் தெரியும். அந்த அரைகுறையைத்தான் இத்தனை காலமும் முழுக்கதை என்று வைத்திருக்கிறீர்கள்.

திருகோணமலையில் சப்பான்காரன் குண்டு போட்டதற்கு அடுத்த வருடம். எனக்குப் பதினாலு வயது. பெண் பிள்ளைகளுக்கு இரசாயனம் எதற்கு என்று கேட்டுக்கொண்டே நம் நாலு பேரையும் முன் வாங்கில் இருத்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? களஞ்சிய அறையைத் துப்பரவாக்கி ஆய்வுகூடம் என்றார்கள். சுவரில் நெல் மூடை சாய்ந்த அடையாளம் அப்படியே இருந்தது. அமோனியாப் போத்தலின் மூடியைத் திறந்தால் கண் எரிந்து மூக்கால் ஓடும். ஆண் பிள்ளைகள் வேண்டுமென்றே அதைத் திறந்து நம் பக்கம் தள்ளுவார்கள். மரத்தாலான சோதனைக் குழாய்த் தாங்கி ஒன்று இருந்தது. அதில் ஒரு துளையை எலி கடித்துப் பெரிதாக்கி வைத்திருந்தது. அந்தத் துளையில் வைத்த குழாய் எல்லாம் விழுந்து உடையும்.

மாஸ்டர் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக வந்தவர், இளம் ஆள். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கீறி, ஒரு பக்கம் கூட்டல் குறியும் மறு பக்கம் கழித்தல் குறியும் போட்டார். மின்னேற்றம் உள்ள அணுவுக்கு அயன் என்கிற சொல்லையெல்லாம் நான் பின்னாட்களில் என் பிள்ளைகளின் புத்தகத்தில்தான் பார்த்தேன். கற்றயன், அன்னயன் என்று அச்சடித்திருந்தது. நமக்கு மாஸ்டர் அந்த இரண்டு சொல்லையும் இங்கிலீசில்தான் சொன்னார். கூட்டல் பக்கம் சோடியம், பொற்றாசியம், அமோனியம், மகனீசியம், கல்சியம், துத்தநாகம் என்கிற நாகம், இரும்பு, செம்பு. கழித்தல் பக்கம் குளோரைட்டு, நைத்திரேற்று, சல்பேற்று, காபனேற்று, ஐதரொட்சைட்டு. இந்தப் பக்கத்தில் ஒன்றும் அந்தப் பக்கத்தில் ஒன்றும் சேர்ந்தால் உப்பு. கறிக்குப் போடுவது மட்டும்தான் உப்பு என்று அதுவரை நினைத்திருந்தேன். கல்லடிப் பாலத்தில் நடந்து போகும்போது நாம் நாலு பேரும் அந்தப் பெயர்களைக் காற்றுக்குள் கத்திக்கொண்டு போவோம். கச்சான் அவற்றை வாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளும்.

ஒரு நாள் மாஸ்டர் இரண்டு கண்ணாடித் தட்டில் இரண்டு உப்பு வைத்தார். இரண்டும் ஊசி ஊசியாக, நிறமில்லாமல், ஒரே மாதிரி மினுங்கின. ஒன்று மகனீசியம் சல்பேற்று, நாம் பேதிக்குக் குடிக்கும் உப்பு. மற்றது நாக சல்பேற்று. கழித்தல் பக்கம் இரண்டுக்கும் ஒன்றேதான், கூட்டல் பக்கம்தான் வேறு என்றார். இரண்டையும் தண்ணீரில் கரைத்து, கோஸ்டிக் சோடாக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இரண்டு குழாயிலும் பால் திரைந்தது போல வெள்ளை வந்தது. இன்னும் விட்டார். ஒன்றில் வெள்ளை அப்படியே நின்றது. மற்றதில் கரைந்து, பழையபடி தண்ணீர் ஆகியது.

"கரையிறது நாகம்," என்றார் மாஸ்டர். "கண்ணாலை பாத்துப் பிடிக்கேலாது. இப்பிடித்தான் பிடிக்க வேணும்."

நாம் கை தட்டினோம். அந்தக் கை தட்டலில் நானும் இருந்தேன்.

எங்கள் வீடு கல்லடியில், வாவிப் பக்கம். அது அம்மாவின் வீடு. நம் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருவான். அப்பாவும் அப்படி வந்தவர்தான். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, கலியாணமாகாமல் எங்களோடு இருந்தாள். அவளுக்கென்று அதே வளவில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் போட்டு, யுத்தத்தால் சீமெந்து கிடைக்காமல் அப்படியே நின்றது. அந்த அத்திவாரக் கல்லில் இருந்துதான் அம்மாவும் சின்னம்மாவும் இறால் கோது கழற்றுவார்கள். அம்மா பருத்த ஆள். சிரித்தால் வயிறு குலுங்கும், வெற்றிலைச் சாறு கன்னத்தில் வழியும். சின்னம்மா மெலிந்தவள், பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருப்பாள். இரண்டு பேருக்கும் மாட்டுக் கொம்பால் செய்த ஒரே சீப்பு. அதற்குச் சண்டை பிடிப்பார்கள், பிறகு அதே சீப்பால் ஒருத்தி மற்றவளுக்குத் தலை இழுத்து விடுவாள். அந்தச் சீப்பு எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் பொருட்கள் எதுவுமே எங்கே போயின என்று எனக்குத் தெரியாது.

அப்பா படுவான்கரையில் வேளாண்மை செய்தார். சிறுபோக நெல் வெட்டி முடியும்வரை வட்டையிலேயே, வயல் நடுவில் வாடிக் குடிசை போட்டுத் தங்கிவிடுவார். வாவியைக் கடந்து வீட்டுக்கு வருவது எப்போதாவதுதான்.

பெரியப்பா அப்பாவின் தமையன். பாலத்துக்கு அங்கால, பட்டினத்தில் மருந்துக்கடை வைத்திருந்தார். வைத்தியம் படித்தவரல்ல. ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பார், சனங்கள் டொக்டர் ஐயா என்பார்கள். வேண்டாம் என்று அவர் சொன்னதேயில்லை. கடைக்குள் போனால் கற்பூரமும் கார்போலிக்கும் சேர்ந்து மணக்கும். சுவர் முழுக்கக் கண்ணாடி மூடி போட்ட பெரிய போத்தல்கள். யுத்தத்தால் கப்பல் சரக்கு வரவில்லை. மூடப்போகும் கடைகளில் கிடந்ததையெல்லாம் பெட்டி பெட்டியாக வாங்கி வந்து அடுக்கினார். பல பெட்டிகளில் பெயர்க் கடதாசியைக் கறையான் தின்றிருந்தது. அதை நான் என் கண்ணால் கண்டேன். அவர் சிலதை நாக்கில் வைத்துப் பார்த்தும், மிச்சத்தைக் கண்ணால் மட்டும் பார்த்தும் பெயர் எழுதிக்கொண்டிருந்தார்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு தரம் வீட்டில் எல்லோரும் பேதிக்குக் குடிப்பது அந்தக் காலத்து வழக்கம். அந்த முறை பெரியப்பா கடையிலிருந்து ஒரு பெரிய சுருள் உப்பு வந்தது. கடதாசி ஈரம் இழுக்கும் என்று சின்னம்மா அதில் கொஞ்சத்தை ஒரு வெறும் பால்மாத் தகர ரின்னில் கொட்டி வைத்தாள். அடுத்த நாள் வெள்ளன, வெந்நீரில் இரண்டு கிளாஸ் கலக்கினாள். ஒன்று அம்மாவுக்கு. மற்றது தனக்கு. இதைத் தயவுசெய்து கவனியுங்கள். தனக்கும் ஒன்று.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"என்னகா இது, இப்பிடிக் கயர்க்குது, துவர்த்து நாக்கை இழுக்குது? வழமையா கைக்கத்தானே செய்யும்."

"ஒரே மூச்சில குடிங்க அக்கா. மருந்து எண்டா இனிக்குமா?" என்று சிரித்தாள் சின்னம்மா.

அம்மா குடித்தாள். சின்னம்மா தன் கிளாசைக் கையில் எடுக்க முன்னமே அம்மா சத்தி எடுக்கத் தொடங்கிவிட்டாள். பேதி இல்லை, சத்தி. குடல் வெளியே வருவது போல. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் புரண்டாள். பிறகு இரத்தமும் வந்தது. நான் பாலத்தால் ஓடிப் போய்ப் பெரியப்பாவைக் கூட்டி வந்தேன். வேறு யாரைக் கூப்பிடுவது? அவர்தானே எங்களுக்கு டொக்டர்.

அவர் வந்தார். அம்மாவின் நாடியைப் பிடித்தார். குசினிக்குள் போனார். நான் பின்னால் போனேன். சின்னம்மா குடிக்காமல் வைத்த கிளாஸ் அம்மியின் பக்கத்தில் இருந்தது. விரலை விட்டு நாக்கில் வைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த முகம் மாறியது. கண் நோய்க்குச் சொட்டு மருந்து கலக்குகிற ஆளுக்கு நாக உப்பின் கயர்ப்புத் தெரியாதா? கிளாசை யன்னலால் வாழையடிக்கு ஊற்றினார். சருவச் சட்டியில் இருந்த தண்ணீரில் அதைக் கழுவினார். கழுவிவிட்டு, "மிச்ச உப்பு எங்க?" என்று கேட்டார். சின்னம்மா சுருளைக் கொண்டுவந்து கொடுத்தாள். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ரின்னைப் பற்றி அவர் கேட்கவில்லை, பதற்றத்தில் அவளும் சொல்லவில்லை.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம் அண்ணன்," என்று சின்னம்மா அழுதாள். "மாட்டுக் கரத்தை பிடிச்சுத் தாங்க."

"பைத்தியமா உனக்கு? வாந்திபேதி எண்டு சொல்லித் தனிய அடைச்சுப் போடுவாங்க. வீட்டையும் பூட்டிப் போடுவாங்க. நான் மருந்து தாறன்."

ஏதோ சிவப்புத் தண்ணீர் கொடுத்தார். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அங்காலதான் இருந்தது. ஆள் அனுப்பிக் கூப்பிட்ட அப்பாவின் தோணி பின்னேரம் கரைக்கு வருமுன் அம்மா போய்விட்டாள்.

தெரியாமல் கொடுத்ததை நான் எப்படியாவது பொறுத்திருப்பேன். கறையான் தின்ற கடதாசிக்கும் வராத கப்பலுக்கும் பழியைப் போட்டிருப்பேன். ஆனால் விரலை நாக்கில் வைத்த அந்த நொடியிலிருந்து அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் செய்தது ஒவ்வொன்றும் தெரிந்து செய்தது.

பிரேதம் எடுக்குமுன்னமே தொடங்கிவிட்டார். பெண்கள் கூடி அழுத இடத்தில் வந்து நின்று, தணிந்த குரலில் கேட்டார்:

"உப்பைக் கலக்கினது ஆரு?"

அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. மிச்சத்தைச் சனங்களே சொன்னார்கள். கலியாணமாகாத குமர். வீட்டில் மச்சான். அக்காள் போனால் தங்கச்சிக்குத்தானே இடம் வரும். அம்மாவின் வாசலில் அம்மாவுக்காக ஒப்பாரி வைத்த அதே வாய்கள் கிணற்றடியில் இதைப் பேசின. சின்னம்மா கொடுத்த தண்ணீரை வாங்கி வைத்துவிட்டு, அவள் திரும்பியதும் நிலத்தில் ஊற்றினார்கள். ஊர் அதிகாரி விதானையார் வந்து விசாரித்தார். பெரியப்பா அவரை ஒரு பக்கம் கூட்டிப் போய்க் கதைத்து அனுப்பிவிட்டார். "குடும்ப மானம். பொலிசுக்குப் போகாம நான் பாத்துக்கொள்ளுறன்" என்றாராம். அதற்கும் சனங்கள் அவரை மெச்சினார்கள். கொலைகாரியைக்கூடக் காப்பாற்றுகிற பெரிய மனம்!

அப்பா? சின்னம்மா சமைத்ததைச் சாப்பிடாமல் தமையன் வீட்டிலிருந்து வந்த சோற்றைச் சாப்பிட்டார். அவள் மூன்றாம் ஆளைப் போலக் கதவோரம் நின்று, "மச்சான், நீங்களுமா?" என்று கேட்டாள். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

எனக்குக் கயர்ப்பு என்ற சொல் மண்டைக்குள் நின்றது. கைக்கவில்லை, கயர்க்குது என்றாளே. பால்மா ரின் குசினி றாக்கைத் தட்டில் மிளகாய்ப் பானைக்குப் பின்னால் இருந்தது. ஒரு பிடி எடுத்து லேஞ்சித் துணியில் முடிந்துகொண்டு பள்ளிக்கூடம் போனேன். வகுப்பு முடிந்து நீங்கள் எல்லோரும் போகும்வரை நின்றேன்.

"என்ன பிள்ளை?" என்றார் மாஸ்டர்.

"பேர் தெரியாத உப்பு. கண்டுபிடிச்சுத் தாங்க மாஸ்டர்."

அவருக்கு அது பிடித்தது. கரைத்து, பேரியம் குளோரைட்டு விட்டார். வெள்ளை விழுந்தது. "சல்பேற்று. அரைவாசி முடிஞ்சுது. இனிக் கூட்டல் பக்கம்." கோஸ்டிக் சோடா ஒரு சொட்டு விட்டார். வெள்ளை வந்தது. "மிச்சத்தை நீரே விடும்" என்று போத்தலை என்னிடம் தந்தார். விட்டேன். என் கண்ணுக்கு முன்னால் அந்த வெள்ளை கரைந்து போனது.

"நாகம்," என்றேன்.

"ஓம். நல்ல துப்பரவான சரக்கு. எங்கை எடுத்தனீர்?"

"அம்மா குடிச்ச உப்பு மாஸ்டர். பெரியப்பா கடையில குடுத்தது."

அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குழாயைக் கழுவினார்.

"இதை வேறை ஆரும் பாத்தவையோ?"

"இல்ல. நீங்க வந்து சொல்லுங்க மாஸ்டர். என்ட சின்னம்மாவைக் கொலைகாரி எண்டு சொல்றாங்க."

"எனக்கு விளங்குது பிள்ளை. ஆனால் இஞ்சை இருக்கிற அரைவாசிச் சாமான் உம்மடை பெரியப்பா தந்தது. மனேச்சரும் அவரும் ஒண்டு. நான் இன்னும் தற்காலிகம்தான். எனக்குக் கீழை மூண்டு தங்கச்சிமார்."

"விளங்குது" என்று யாராவது சொன்னால் இன்றும் எனக்கு வயிறு எரியும்.

அவர் வரமாட்டார் என்று தெரிந்ததும், ஆய்வுகூட அலுமாரியிலிருந்து கோஸ்டிக் சோடாப் போத்தலையும், ஒரு சுருள் உண்மையான பேதி உப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். திருடினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வெட்கமில்லை.

அம்மாவின் முப்பத்தோராம் நாள். முற்றத்தில் பந்தல். சொந்தக்காரர், விதானையார், பள்ளிக்கூட மனேச்சர், பெரியப்பா அழைத்ததால் மாஸ்டரும் வந்திருந்தார். சாப்பாடு முடிந்து ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கும்போது நான் இரண்டு கிளாசைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். ஒன்றில் பள்ளிக்கூடத்துப் பேதி உப்பு. மற்றதில் ரின்னில் இருந்தது.

"என்ன மகள் இது?" என்றார் அப்பா.

"பாருங்கப்பா. இது பேதி உப்பு. இது பெரியப்பா தந்தது. அம்மா குடிச்சது."

இரண்டிலும் கரைசலை ஊற்றினேன். இரண்டும் வெளுத்தன. இன்னும் ஊற்றினேன். ஒன்று பால் போல நின்றது. மற்றது தெளிந்தது. பந்தலில் இருந்த எல்லோரும் கண்டார்கள்.

"இது வேற உப்பு," என்று கத்தினேன். "நாக உப்பு. கண்ணுக்கு விடுறது. குடிச்சா ஆள் செத்துப் போகும். சின்னம்மா கலக்கினது நீங்க குடுத்த உப்பை!"

பெரியப்பா சிரித்தார். நல்ல வாஞ்சையான சிரிப்பு. "தாய் போன கவலை. பள்ளிக்கூடத்துல படிச்ச வித்தையைக் காட்டுறாள். மாஸ்டர் இரிக்கிறார்தானே, அவரையே கேப்பம். என்ன மாஸ்டர்?"

எல்லோரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவர் தன் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார்.

"பிள்ளை இன்னும் வடிவாப் படிக்கேல்லை," என்றார். "கரைசல் கூடிக் குறைஞ்சால் இப்பிடி வரும்."

அப்பா எழும்பி வந்து என் கன்னத்தில் அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததில்லை.

அப்போதுதான் சின்னம்மா குசினியிலிருந்து வந்தாள். அன்று முழுக்க அவளை ஒருவரும் பந்தலுக்குள் வரவிடவில்லை. கையில் பால்மா ரின். எல்லோருக்கும் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரில் அதைக் கொட்டிக் கரண்டியால் கலக்கினாள். வளையல் கிளாசில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. பெரியப்பாவிடம் நீட்டினாள்.

"பேதி உப்புத்தானே அண்ணன். குடிங்க. நீங்க குடிச்சா நான்தான் கொலைகாரி எண்டு நானே பொலிசுக்குப் போறன்."

"எனக்கு என்ன வருத்தமா, நான் பேதிக்குக் குடிக்க?"

"ஒரு வாய்."

"அங்கால போ."

"ஒரே ஒரு வாய் அண்ணன்."

அவர் கதிரையைப் பின்னால் தள்ளினார். அந்தப் பந்தலில் இருந்த ஒரு ஆணாவது, "ஏன் ஐயா, குடிச்சுக் காட்டுங்கவன்" என்று சொல்லியிருக்கலாம். அப்பா சொல்லியிருக்கலாம். சின்னம்மா எல்லாருடைய முகத்தையும் சுற்றிப் பார்த்தாள். பிறகு கிளாசைத் தன் வாயில் வைத்து மடமடவென்று அரைவாசி குடித்துவிட்டாள்.

அம்மா புரண்ட மாதிரியே புரண்டாள். அதே சத்தி, அதே நெஞ்சுப் பிடிப்பு. பக்கத்து வீட்டு மருத்துவிச்சி ஓடிவந்து பசும்பாலையும் முட்டை வெள்ளைக் கருவையும் விடாமல் புகட்டினாள். குடித்தது பாதிதான், அதையும் உடனே கக்கிவிட்டாள். அதனால் உயிர் தப்பினாள். பல நாள் சோறு தண்ணீர் இறங்காமல் பாயில் கிடந்தாள்.

இதற்குப் பிறகாவது சனங்களுக்கு விளங்கியிருக்கும் என்று நினைப்பீர்கள். அந்த உப்பைக் குடித்த இரண்டு பேரும் ஒரே மாதிரி விழுந்தார்களே, உப்பில்தானே பிழை என்று ஒரு குழந்தைக்கும் தெரியும். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "குற்றம் செஞ்சவள், அதுதான் தாங்கேலாம நஞ்சு குடிச்சிட்டாள்." உங்கள் வீடுகளிலும் அப்படித்தான் பேசினார்கள். நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனீர்கள்.

நான் போகவில்லை. "படிச்சது போதும்" என்றார் அப்பா. எனக்குக் கலியாணம் பேசியதால் நின்றுவிட்டேன் என்று நினைத்தீர்களாம். பேசியது எனக்கல்ல, கேளுங்கள். சின்னம்மா எழுந்து நடக்கத் தொடங்கியதும் பெரியப்பா ஒரு யோசனை கொண்டுவந்தார். ஊர் வாயை மூட வேண்டுமாம். பிள்ளையையும் பார்க்க ஆள் வேண்டுமாம். அப்பா சின்னம்மாவையே முடிக்கட்டுமாம். எந்த ஆசைக்காக அவள் கொன்றாள் என்று ஊரைச் சொல்ல வைத்தாரோ, அதையே அவளுக்குப் பரிசாகக் கொடுக்கப் பார்த்தார். அப்பா அதற்கும் தலையாட்டினார்.

சின்னம்மா ஒரு துணி மூட்டையோடு வாசலில் நின்று பதில் சொன்னாள். "நான் கொலைகாரி எண்டா என்னை ஏன் முடிக்கிறீங்க? கொலைகாரி இல்லை எண்டா அதை முதல்ல சொல்லுங்க."

அப்பா தமையனின் முகத்தைப் பார்த்தார். அவள் தன் அத்திவாரத்தைத் தாண்டி, தன் தாய்வழி வளவை விட்டு, றெயில் ஏறிப் போய்விட்டாள்.

அதற்கு முன் ஒரு நாள், ஏதோ சாட்டுச் சொல்லி நான் பெரியப்பா கடைக்குப் போய்ப் பார்த்தேன். பேதி உப்பு என்று எழுதியிருந்த பெரிய போத்தல் றாக்கையில் இல்லை. அது இருந்த இடத்தில் மட்டும் தூசி படியாத ஒரு வட்டம் இருந்தது. பக்கத்துக் கரைத் தோணிக்காரர் ஒருவர், டொக்டர் ஐயா ஒரு பெட்டி நிறைய வெள்ளைச் சாமானை வாவியில் கொட்டினார் என்று எதேச்சையாகச் சொன்னார். அந்தப் போத்தலிலிருந்து எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் உப்புப் போனதா? அந்தக் கச்சானில் வாந்திபேதி என்று சொல்லி யார் யாரைப் புதைத்தோம்? உங்கள் வீட்டுச் சாவுகளையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பிறகு கை தட்டுங்கள்.

மாஸ்டர் நிரந்தரமானார். பிறகு எங்கோ அதிபரானார் என்று கேள்வி. பெரியப்பா படுக்கையில் கிடந்து, பேரப்பிள்ளைகள் சூழ, நல்ல சாவு செத்தார். நான் போகவில்லை.

அப்பா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தார். அம்மாவின் வீடு எனக்குத்தானே வந்தது, அதனால் என்னோடு. ஒரு நாள் திடீரென்று, "உன்ட சின்னம்மாவை ஒருக்காப் பாக்க வேணும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று என் மனதுக்குள் ஒரு மடத்தனமான சந்தோஷம் வந்தது. றெயிலில் கூட்டிப் போனேன்.

சின்னம்மா தான் றெயில் ஏறிப் போய்ச் சேர்ந்த ஊரின் ஆஸ்பத்திரியில் தாதிமாருக்கு உதவியாளாக வேலை செய்து, அங்கேயே ஒருவரை முடித்து, மூன்று பிள்ளைகளோடு இருந்தாள். நரைத்திருந்தது. அப்பாவைக் கண்டதும் கதிரையைத் துடைத்துப் போட்டாள். அப்பா சுகம் விசாரித்தார். மழையைப் பற்றிக் கதைத்தார். நெல் விலையைப் பற்றிக் கதைத்தார். அவள் உள்ளே போய் எங்கள் இரண்டு பேருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

அப்பா கோப்பையை எடுத்தார். வாய்க்குக் கொண்டு போகவில்லை. மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் ஒரு வாய் குடித்தேன். இன்னொரு வாய் குடித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் குடித்தார்.

நான் நிமிர்ந்தேன். சின்னம்மா கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

புறப்படும்போது என் தலையைத் தடவி, காதோடு சொன்னாள்: "இனி இவரைக் கூட்டி வராத மகள். நீ மட்டும் வா."

திரும்பி வரும்போது றெயிலில் அப்பா, "தேத்தண்ணி நல்லா இரிந்திச்சு, என்ன?" என்றார். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.